கவுதாரி கத்தும் இடம்

ரயிலில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஜோலார்பேட்டை. ஆம்பூரில் இறங்க வேண்டியவன், அதையும் வாணியம்பாடியையும் தாண்டி வந்திருந்தேன். எதிர் இருக்கையிலிருந்த அம்மாள், முன்னாலேயே சொல்லியிருந்தால் எழுப்பி விட்டிருப்பேனே என்று வருத்தப்பட்டார். நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. விமானத்திலும் அப்படித்தான் வந்தேன். வீட்டிலும் கொஞ்ச காலமாக அப்படித்தான்.

வீடு என்று நான் சொல்வது இத்தாலியில், ஆர்னோ ஆற்றங்கரையில் தோல் பதனிடும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. ஆம்பூரில் பிறந்து, இங்கே ஒரு டேனரியில் தோலுக்கு நிறம் அடிக்கக் கற்றுக்கொண்டு, முப்பது வயதில் அங்கே போனேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். அதற்கு முந்தைய வருடம் என் மனைவி ரோஸி இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. மிச்சமிருக்கும் காலத்தை எங்கே கழிப்பது என்று முடிவு செய்யத்தான் இந்தப் பயணம்.

நான் ஊர்களை எடைபோட்ட விதம் பலருக்கு விசித்திரமாக இருக்கும். எங்கே பறவை வேட்டை நன்றாக இருக்கும் என்று பார்த்தேன். அங்கே அதற்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் விலக்கு. மற்ற நாட்களில் விடியும் முன் என் நண்பர் ரென்சோ வண்டியோடு வாசலில் நிற்பார். பின்னிருக்கையில் என் நாய் புரூனா ஏறிக்கொள்வாள். ஆலிவ் தோப்புகளுக்கு மேலே, ஓக் மரங்களுக்கு நடுவில் நாள் முழுக்க நடப்போம். ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி ஒன்று கிடைக்கும், அல்லது இரண்டு பாட்டுக்குருவி. பல நாள் ஒன்றுமே கிடைக்காது. ரோஸி போன பிறகு நான் படுக்கையை விட்டு எழுந்ததற்கு வேறு காரணம் எதுவும் இருந்ததில்லை.

சார்டீனியத் தீவில் ஒரு ஊரைப் பார்த்தேன். ரென்சோ தெற்கே ஒரு மலைக்கிராமத்தைக் காட்டினார். இளைஞர்கள் எல்லாம் வெளியேறிவிட்ட ஊர், காட்டில் பறவைகள் ஏராளம் என்றார். அந்த நேரத்தில்தான் என் தம்பி ஜெயசீலன் தொலைபேசியில், ஊருக்கே வந்துவிடு என்று பிடிவாதம் பிடித்தான். தட்டிக்கழிப்பதற்காக, பறவை இல்லாத இடத்தில் என்னால் இருக்க முடியாது என்று சொன்னேன். இந்தியாவில் காட்டுப் பறவையைச் சுடக்கூடாது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "சுடத்தான் கூடாது. பறவை இல்லன்னு யார் சொன்னா?" என்றான். சரி, ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன்.

ஜோலார்பேட்டை நடைமேடையில் டீக்கடைப் பக்கம் ரயில்வே ஆட்கள் சிலர் நின்றிருந்தார்கள். ஆம்பூருக்கு அடுத்த வண்டி எது என்று கேட்டேன். ஒருவர், வண்டிக்குக் காத்திருப்பதைவிட வெளியே போய் பஸ் பிடிப்பது மேல் என்று வழி சொன்னார். எந்த ஊர் என்றார். ஆம்பூர் என்றேன். "பேச்சு ஆம்பூர் பேச்சு மாதிரி இல்லியே சார்," என்றார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே என் இத்தாலியப் பேச்சைக் கேட்பவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

ஆம்பூர் நெருங்கும்போது டேனரி வாசனை ஜன்னல் வழியாக வந்தது. பக்கத்தில் இருந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். நான் நன்றாக மூச்சிழுத்தேன். ஆர்னோ கரையில் வெயில் காலத்தில் இதே வாசனைதான் வரும். இரண்டு ஊருக்கும் நடுவில் எனக்கு மாறாத ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான்.

தம்பி சீலன் ரயில் நிலைய வாசலில் பைக்கோடு நின்றிருந்தான். வெகுநேரமாக நிற்கிறான் என்று அவன் சட்டை முதுகைப் பார்த்தே தெரிந்தது. போன் பண்ணக்கூடாதா என்று மட்டும் கேட்டான். இந்த ஊர் சிம் இன்னும் வாங்கவில்லை என்றேன். பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னான். அவன் பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு பெற இன்னும் ஒன்றிரண்டு வருடம் இருக்கிறது. தலை என்னைவிட அதிகமாக நரைத்திருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு பிரியாணியும் கத்திரிக்காயும் வாங்கியிருந்தார்கள். அதோடு எனக்காகவே ஒரு தட்டு காடை வறுவல். இங்கே நெடுஞ்சாலைக் கடைகளில் எல்லாம் அது கிடைக்கிறது. பண்ணையில் வளர்க்கும் ஜப்பான் காடை. தம்பி மனைவி சுகந்தி என் இலையில் இரண்டை வைத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மிளகு நன்றாக ஏறியிருந்தது. கறி மெத்தென்று, வெளுப்பாக இருந்தது. ஒரு நாளும் பறக்காத பறவையின் நெஞ்சுக்கறி அப்படித்தான் இருக்கும். பறந்து திரிந்த பறவைக்கு அந்த இடம் கருஞ்சிவப்பாக, பல்லுக்கு வேலை வைப்பதாக இருக்கும். "நல்லா இருக்கும்மா," என்றேன். எங்க ஊரில் இதை ரொட்டித் துண்டோடு கம்பியில் கோத்துச் சுடுவோம் என்று ஆரம்பித்தேன். சீலன் நிமிர்ந்து, எந்த ஊரில் என்று கேட்டான். நான் இரண்டாவது காடையை எடுத்தேன்.

மறுநாள் காலையில் வீடு காலியானது. சுகந்தி வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருட்டு பிரியும் முன்பே ரயிலுக்குப் போய்விடுவாள். சீலன் பள்ளிக்கூடம் போய்விட்டான். அவர்கள் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். கூடத்தில் அவன் பட்டமளிப்புப் படம் மாட்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரத்தை இன்னும் கழற்றவில்லை. நான் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் கேன் போட வந்தவர், எதிர்வீட்டம்மாள், கேபிள்காரர் என்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். எத்தினி நாள் லீவு? தனியாகவா வந்தீர்கள்? மிஸஸ் வரவில்லையா? மூன்றாவது தடவை சொன்னபோது, யாரோ ஒருவரின் மனைவி இறந்த செய்தியைச் சொல்வது போல என் குரல் எனக்கே கேட்டது. அங்கே ரென்சோ இதுவரை ரோஸியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் அடக்கத்துக்கு மறுநாள் வண்டியோடு வந்து வாசலில் நின்றார், அவ்வளவுதான்.

மத்தியானம் சலீமைத் தேடிப் போனேன். நாங்கள் ஒரே டேனரியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் ஸ்பிரே அடிக்கும் பக்கம், அவன் தோல் சுற்றும் பெரிய டிரம்கள் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரம் இருவரும் பறவை பார்த்துக்கொண்டே மைல் கணக்கில் நடப்போம். எனக்குக் கவுதாரியின் சத்தத்தை அடையாளம் காட்டியவன் அவன்தான். இந்தப் பயணத்தில் எனக்கென்று ஓர் ஆசை இருந்தது என்றால், அவனோடு ஒருமுறை அந்த நடை நடக்க வேண்டும் என்பதுதான்.

மசூதிக்குப் பின்பக்கத் தெருவில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். தாடி முழுக்க வெள்ளை. எதிரில் போய் நின்று பெயரைச் சொன்னேன். முகத்தையே பார்த்தான். உள்ளிருந்து வந்த மருமகள், அவருக்குக் காது அறவே கேட்காது, மிஷின் வைத்தாலும் தலைவலிக்கிறது என்று கழற்றிவிடுவார் என்றாள். டிரம் சத்தத்தில் போன காது. பிறகு அவள் அவன் உள்ளங்கையில் தட்டி, என்னைக் காட்டி, உதடுகளைப் பெரிதாக அசைத்தாள்.

"தாஸு," என்றான் சலீம். தேவதாஸ் என்ற என் பெயரை அப்படிச் சுருக்கியவனும் அவன்தான். "இன்னாடா, இம்மாம் பெரிய கண்ணாடி போட்டுகினு வந்தா எப்படி அடையாளம் தெரியும்?"

தெரு முழுக்கக் கேட்கும் சத்தத்தில் பேசினான். நான் பேசுவதற்கு வழியில்லை. தலையை ஆட்டுவேன், கையைக் காட்டுவேன். ஒரு விதத்தில் அது வசதியாகவே இருந்தது. கிளம்பும்போது கையால் நடப்பது போலக் காட்டினேன். அவன் சிரித்தான். "ஞாயித்துக்கிழம. விடியக்காலைல பஜ்ர் தொழுதுட்டு வர்றேன்," என்றான்.

அதற்கு முன்னால் வீடுகள் பார்க்க வேண்டியிருந்தது. சீலன் அரை நாள் விடுப்பு போட்டு என்னைப் பள்ளிகொண்டாவுக்கு அழைத்துப்போனான். கோயிலைத் தாண்டி, பாலாற்றுக்கு அருகில், தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு மாடி வீடு. சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். சாவி வைத்திருந்த அம்மாள் முன்னால் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். தண்ணீர் வசதியையும் சமையலறை மேடையையும் காட்டினாள். நான் நேராக மொட்டை மாடிக்குப் போனேன்.

மழைக்குப் பிறகு ஆற்றில் அங்கங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. கொக்குகள் நின்றிருந்தன. மணலில் இரண்டு மயில் மெதுவாக நடந்தன. ஒரு பக்கம் நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் விடாமல் கேட்டது. எனக்குப் பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்த சீலன், கரையில் ஓடிக்கொண்டிருந்த நெட்டைக்கால் பறவை ஒன்றைக் காட்டி, "அதோ பாருண்ணா, கவுதாரி," என்றான், பரிசு கொடுப்பவன் போல.

அது ஆட்காட்டி. கவுதாரி அப்படி வெட்டவெளியில் நிற்காது, கால் அவ்வளவு நீளம் கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாத்தியாருக்கு இது கூடத் தெரியாதா?" என்றேன். சாவி அம்மாளும் சிரித்தாள். சீலன் கீழே இறங்கிப் போனான். வழியெல்லாம் பைக்கில் அவன் பேசவில்லை. லாரி இரைச்சலில் பேச முடியாமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் நான் தனியாகக் குடியாத்தம் போனேன். அவன் விசாரித்து வைத்திருந்த இன்னொரு வீடு அங்கே இருந்தது. ரயில் நிலையம் ஒரு மூலை, ஊர் ஒரு மூலை. ஆட்டோக்காரர் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துவிட்டது, இதோ வாங்கி வருகிறேன் என்று ஒரு பாட்டிலோடு போனார். ரொம்ப நேரம் வரவில்லை. பக்கத்து வீடுகளில் விசைத்தறிகள் லுங்கி நெய்துகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் காக்கை கத்தினால்கூடக் கேட்காது. வீட்டைப் பார்க்காமலேயே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

சாலையோரம் நின்றிருந்தபோது பைக்கில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார். முன்னால் ஒரு பை தொங்கியது. என் சட்டையையும் ஷூவையும் பார்த்துவிட்டு, கவுதாரி வேண்டுமா என்று தணிந்த குரலில் கேட்டார். பைக்குள் கையை விட்டு ஒன்றை வெளியே எடுத்தார். கால்கள் கட்டியிருந்தன. கேட்காமலேயே என் கையில் வைத்தார்.

பிடித்துக்கொண்டேன். ஆயிரம் பறவையைக் கையில் எடுத்தவன் நான், ஆனால் எல்லாம் செத்த பிறகு. இது சூடாக, கனமே இல்லாமல், இதயம் துடிப்பது விரல் முழுக்கத் தெரிவதாக இருந்தது. நெஞ்சை அழுத்திப் பார்த்தேன். நன்றாகப் பறந்து திரிந்த பறவை. வாயில் எச்சில் ஊறியதையும் சொல்லத்தான் வேண்டும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். வாங்கி அவிழ்த்து விட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அப்போது தோன்றவில்லை. வேட்டைக்காரன் என்பவன் பறவைக்கு ஓடுவதற்கு இடம் விடுகிறவன் என்று ரென்சோ சொல்வார். இங்கே ஓடவும் இடமில்லை, சுடவும் வழியில்லை, எனக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். ஆட்டோக்காரர் பாட்டிலோடு வந்து சேர்ந்தபோது பைக்கில் வந்தவர் போய்விட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ரென்சோ போனில் பேசினார். மலைக்கிராமத்து வீட்டுக்கு இன்னொருவர் ஆசைப்படுகிறார், சீக்கிரம் சொல் என்றார். புரூனா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். நான் மாடிப்படியில் நின்று இத்தாலிய மொழியில் பேசுவதை எதிர்வீட்டுக் குழந்தைகள் வாய் திறந்து பார்த்தார்கள். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். மனதுக்குள் ஏற்கெனவே சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சலீம் சொன்னபடி வந்தான். பனி இறங்கியிருந்தது. ஊருக்கு வெளியே ஆற்றோரமாக, சீமைக்கருவேலம் புதர்களுக்கு நடுவில் நடந்தோம். பழைய பாதை பாதிக்கு மேல் வீடுகளாகிவிட்டது. மிச்சமிருந்த இடத்தில் கொஞ்ச தூரம் போனதும் நான் நின்றேன். இடது பக்கம், கிட்டத்தில், ஒரு கவுதாரி கத்தத் தொடங்கியது. கித்தீத்தர், கித்தீத்தர் என்று ஒரே மூச்சில். உடனே எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று பதில் சொன்னது.

சலீம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கத்துதா?" என்று கேட்டான். அவன் போட்ட சத்தத்தில் இரண்டு கவுதாரியும் அடங்கிவிட்டன. நான் உதட்டில் விரல் வைத்தேன். பிறகு, கத்தல் மறுபடி தொடங்கியதும், சத்தம் வந்த திசையில் விரலை நீட்டினேன். பதில் வந்ததும் அந்தப் பக்கம் நீட்டினேன். அப்படியே வெகுநேரம் விரலை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் என் விரல் போன பக்கமெல்லாம் தலையைத் திருப்பினான். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை திருப்பினான். அப்போது அவனுக்குக் கேட்டுவிட்டதோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

திரும்பும் வழியில் ஒரு சிறு பாலத்தின் கட்டைச்சுவர் மேல் உட்கார்ந்தோம். மகன் பெங்களூரில் வீடு வாங்கியிருக்கிறான், ரம்ஜான் முடிந்ததும் தன்னை அங்கே கூட்டிப்போகிறான் என்று சலீம் சொன்னான். பதிமூன்றாவது மாடி. கீழே பூங்கா இருக்கிறதாம், நடக்கலாமாம்.

"நா இருப்பேன்னு நெனச்சி இங்க வந்துடாத தாஸு," என்றான். "இந்த ஊர்ல நம்ம ஆளுங்க கம்மியாய்ட்டாங்க. வந்து யார்கிட்ட பேசுவ? என்கிட்ட பேசினாலே கேக்காது."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நான் அவன் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தேன். அவன் வீட்டு வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தபோது, இருவருக்கும் இது கடைசி என்று தெரிந்தது.

இனி இழுத்தடிப்பதில் அர்த்தமில்லை. திங்கட்கிழமை வேலூருக்குப் போய் ரென்சோவுக்கும் அவர் மனைவிக்கும் ஏதாவது வாங்கலாம், சாயங்காலம் சீலனிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். சுகந்தியோடு அவள் போகும் ரயிலிலேயே கிளம்பினேன். பெண்கள் கூட்டம். பாதிப் பேர் நர்ஸுகளும் ஆபீஸ்காரர்களும். ஏறியதும் டிபன் பாக்ஸைத் திறந்து ஒருவருக்கொருவர் இட்லி கைமாற்றினார்கள். எனக்கும் ஒன்று வந்தது. சுகந்தி ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தாள்.

பள்ளிகொண்டா வீடு பிடித்ததா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அவள் டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"மாமா, அவரு உங்ககிட்ட சொல்லமாட்டாரு. நா சொல்றேன்," என்றாள். "நீங்க பறவ இருந்தாதான் வருவேன்னு சொன்னீங்க இல்ல, அதுலேர்ந்து தினம் காலைல நா ட்ரெயினுக்குக் கெளம்பறப்ப அவரும் கெளம்பிடுவாரு. ஒரு நாளைக்கு ஒரு ஊரு. பனில பைக் ஓட்டிகினு போய், எங்க என்னா கத்துதுன்னு கேட்டுட்டு, அப்புறம் ஸ்கூலுக்குப் போவாரு. அவருக்கு காக்காவும் கோழியும் விட்டா ஒண்ணும் தெரியாது. நெஞ்சுல சளி கட்டி ஒரு வாரம் படுத்துட்டாரு. அப்பவும் கேக்கல."

மகன் ஜெர்மனியிலிருந்து முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் பேசுவான், இப்போது எப்போதாவதுதான் என்று அவள் தொடர்ந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டால் இவருக்குப் பேச ஆளில்லை. ஓய்வு பெற்றதும் என்ன செய்யப் போகிறாரோ என்று அவளுக்குப் பயமாக இருக்கிறது. கீழே அவர்கள், மேலே நான் என்று நினைத்துத்தான் சீலன் மாடி வீடாகத் தேடியிருக்கிறான். காட்பாடியில் இறங்கும்போது, தான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

நான் வேலூர்க் கடைத்தெருவில் எதுவும் வாங்காமல் சுற்றினேன். மாடியில் நின்று நான் சிரித்த சிரிப்பு கூடவே வந்தது. சாயங்காலம் சீலன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், நாளைக் காலை பள்ளிகொண்டாவுக்கு இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டேன். எதற்கு என்றான். சும்மா என்றேன்.

பைக்கில் குளிர் எலும்பு வரை போனது. மார்கழி என்பதால் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. தோப்பைச் சுற்றி, ஒரு வாய்க்காலைத் தாண்டி, ஆற்றுக்குப் போகும் மண்பாதையில் நிறுத்தினான். மஃப்ளரைக் காதிலிருந்து தளர்த்தினான். "பாட்டு நிக்கட்டும். அப்புறம் கத்தும்," என்றான். என்ன கத்தும் என்று நான் கேட்கவில்லை. அவனும் பெயர் சொல்லவில்லை. ஒருமுறை சொல்லிப் பட்டது போதும் என்று நினைத்திருப்பான்.

பாட்டு நின்றது. கொஞ்ச நேரம் லாரிகள் மட்டும் கேட்டன. பிறகு வாய்க்கால் கரைப் புதரிலிருந்து, நாங்கள் நின்ற இடத்துக்குப் பத்தடி தூரத்தில், கவுதாரி கத்தியது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் கணக்கு போட்டுவிட்டு, சரியா என்று சிலேட்டை நீட்டி நிற்பான், அதே பார்வை.

"இதாண்ணா?" என்றான்.

"இதுதான்டா," என்றேன்.

வெளிச்சம் வந்த பிறகு அந்த வீட்டைத் தாண்டி வந்தோம். கிழக்குப் பக்க அறை எனக்கு வேண்டும், வெயில் வரும் என்றேன். அவன் பைக்கை ஓட்டிக்கொண்டே தலையாட்டினான். அப்புறம் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, இரண்டு டீ சொன்னான். தன் மஃப்ளரைக் கழற்றி என் கழுத்தில் போட்டான். குளிர் என்று சொன்னான்.

நான் இத்தாலிக்குத் திரும்பியபோது அங்கே வேட்டைப் பருவத்தின் கடைசி வாரம் நடந்துகொண்டிருந்தது. ரென்சோவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். மலைக்கிராமத்து வீட்டை மற்றவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று போன் செய்தார். புரூனாவுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவு தூர விமானப் பயணம் தாங்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் ரென்சோ வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. நான் ஊரில் இல்லாத நாட்களில் அவர் வீட்டு அடுப்புப் பக்கம் தனக்கென்று ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாள். என்னோடு அவளை வீட்டுக்குக் கூப்பிட்டபோது, வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் அங்கேயே படுத்துக்கொண்டாள்.

பருவம் முடிந்ததும் துப்பாக்கியை ரென்சோ பெயருக்கு மாற்ற இருவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். இளம் அதிகாரி ஒருவர் தாள்களைப் பார்த்துவிட்டு, ஏன் கொடுத்துவிடுகிறீர்கள், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். பிறந்த நாட்டுக்குப் போகிறேன், அங்கே வேட்டைக்கு அனுமதி இல்லை என்றேன். அவரும் வேட்டைக்காரர் போலிருக்கிறது, முகம் மாறியது.

"பறவைகள் இருக்கின்றனவா?"

"இருக்கின்றன. வீட்டுப் பக்கத்திலேயே."

"துப்பாக்கி இல்லாமல் அங்கே என்ன செய்வீர்கள்?"

காலையில் எழுந்து என் தம்பியோடு நடப்பேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையும் ரென்சோவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

வெளியே வந்து வண்டியில் ஏறினோம். துப்பாக்கி உறையோடு பின்னிருக்கையில் கிடந்தது. இனி அது அவருடையது. செப்டம்பரில் பருவம் திறக்கும் அன்று, பழக்கத்தில் உன் வாசலுக்கு வந்து நின்றாலும் நிற்பேன் என்றார் ரென்சோ. நின்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர் சாவியைத் திருகவில்லை. எதிரே ஒரு கிழவர் கடையின் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அவர் பூட்டிவிட்டு, தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் நாங்கள் இருவரும் அந்த மூடிய கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம்.